தேவராஜ் வண்டிக்குச் சார்ஜ் ஏறிய கதை

சத்தியம் பண்ணிவிட்டே ஆரம்பிக்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், நாளைக் காலையில் நான் ஊற்றுகிற தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு கடைசி வரைக்கும் எழும்பாமல் போகட்டும். இன்னும் பெரிய சத்தியம் வேண்டுமா? பருத்திப்பட்டு ஏரிக்கரை வந்ததும் என் வண்டி நட்டநடு ரோட்டில் நின்று போகட்டும். போதுமா? கேளுங்கள்.

அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் தேவராஜ் என்று ஒருவன். திருமழிசை எஸ்டேட்டில் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர். ஊரில் உள்ள பாட்டிலுக்கெல்லாம் மூடி போடுகிறவன் அவன். அவன் வாய்க்கு மூடி போட வீட்டில் ஒருத்தி இருந்தாள். பெயர் சாமுண்டீஸ்வரி.

சாமுண்டீஸ்வரி இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்பவள். அவள் மாவு பொங்குகிற பொங்கல் இருக்கிறதே, ஒருநாள் குண்டான் மேல் பாரத்துக்கு வைத்த அம்மிக்கல்லைத் தலையில் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது. இந்தக் கண்ணால் பார்த்தேன். திருமழிசையில் நாலு அண்ணன்களுக்கு ஒரே தங்கச்சியாக வளர்ந்தவள். அந்த நாலு பேரோடு சேர்ந்து அவள் என்னென்ன கற்றுக்கொண்டாள் என்று தேவராஜ் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

தேவராஜுக்கு உலகத்தில் ஒரே ஒரு சுகம்தான். ஷிப்ட் முடிந்து குமணன்சாவடி வழியாக ஆவடி பக்கம் வரும்போது, பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பாண்டியன் டீக்கடை. அதன் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு கேரம் போர்டு. அங்கே உட்கார்ந்து ஸ்டிரைக்கரை விரலில் வைத்தான் என்றால், தேவராஜ் மகாராஜா.

வீட்டுக்குத் தெரியாமல் மகாராஜாவாக இருப்பது சுலபமா? சாமுண்டீஸ்வரி போன் அடித்தால், அண்ணனூர் ஷெட்டில் சும்மா நிற்கிற ரயில்கூட ஹாரன் அடித்துப் பதில் சொல்லும். அதனால் தேவராஜ் ஒரு வழி கண்டுபிடித்தான். அவனிடம் ஒரு நல்ல குணம் உண்டு. வெறும் பொய் சொல்ல மாட்டான். முதலில் பொய்யை உண்மையாக்கிவிட்டு, அப்புறம்தான் சொல்லுவான். மத்தியானச் சாப்பாடு ஆனதும் போனில் ஏதாவது ஒரு வீடியோவை ஓடவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். ஷிப்ட் முடியும்போது போன் உயிரை விட்டிருக்கும்.

"கை ஓயற வரைக்கும் அடிச்சேன். போன் இன்னாய்யா ஆச்சு?"

"சார்ஜ் பூட்ச்சுமே. நான் இன்னா பண்றது? நீயே பாரு. செத்துக் கீது."

"காலையில நூறு இருந்துச்சே?"

"பழைய போனும்மே. பேட்டரி வீக்கு."

"பேட்டரி வீக்கா, நீ வீக்கா?"

ஞாயிற்றுக்கிழமை அவனையும் வண்டியையும் ஆவடியில் ஜேம்ஸ் மெக்கானிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஜேம்ஸ் யார் என்றால், கேரம் கொட்டகையில் தேவராஜின் ஜோடி. இருவரும் ஒருவரை ஒருவர் இப்போதுதான் பார்ப்பதுபோல் வணக்கம் வைத்துக்கொண்டார்கள்.

"தம்பி, வண்டியிலயே போனுக்குச் சார்ஜ் ஏத்துற யூஎஸ்பி ஒண்ணு மாட்டு" என்றாள் சாமுண்டீஸ்வரி.

தேவராஜ் ஜேம்ஸைப் பார்த்தான். மாலை போட்ட ஆடு பூசாரியைப் பார்க்குமே, அந்தப் பார்வை. ஜேம்ஸ் என்ன செய்வான்? தொழில். ஹேண்டில்பாரில் கச்சிதமாக மாட்டிவிட்டான்.

"அக்கா, சாவி போட்டாத்தான் இதுல கரண்ட் வரும். சாவிய எடுத்தா கட். நடுவுல ஃப்யூஸ் வேற போட்டுக் கீறேன். வண்டி பேட்டரிக்கு ஒண்ணும் ஆவாது."

"எங்க ஊட்டு இன்வெர்ட்டருக்குத் தண்ணி ஊத்துறதே நான்தான். எனக்குத் தெரியாதா?" என்று சாமுண்டீஸ்வரி சாவியைப் போட்டுப் பார்த்தாள். போனில் சார்ஜ் ஏறியது. தேவராஜுக்கு இறங்கியது.

திங்கட்கிழமை குமணன்சாவடி சிக்னலில் நிற்கிறான். போனில் நூறு சதவீதம். மணி அடித்தாற்போல் போன் அடித்தது.

"எங்க கீற?"

"குமணன்சாவடி."

"அப்பால போறேன் வர்றேன்னு இழுக்காத. நேரா ஊட்டுக்கு வா."

மறுநாள் ஏரிக்கரையில் வண்டியை ஓரம் கட்டினான். உடனே போன்.

"எங்க கீற?"

"குமணன்சாவடி சிக்னலு."

"சிக்னலுன்ற, ஒரு ஹாரன் சத்தம்கூடக் காணோம்?"

தேவராஜ் கை நீட்டித் தன் வண்டி ஹாரனைத் தானே அடித்தான். ஏரியில் இருந்த கொக்கெல்லாம் பறந்து போயின.

"இன்னாய்யா, கொக்கு கத்துது? குமணன்சாவடியில எப்பய்யா கொக்கு வந்துச்சு?"

அதோடு கேரம் போச்சு. ஒரு வாரம் ஸ்டிரைக்கரைத் தொடவில்லை. விரல் சும்மா இருக்குமா? வீட்டில் சுண்டல் கொடுத்தால், ஒவ்வொரு கடலையாகத் தட்டு விளிம்பில் வைத்து எதிரே இருக்கிற டம்ளருக்குள் சுண்டினான். ஒன்றுகூடத் தவறவில்லை. சாமுண்டீஸ்வரி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த தேவராஜ், ஒருநாள் ஜேம்ஸ் கடைக்கு ஓடினான்.

"மச்சான், அந்த ஒயர சாவியிலேர்ந்து கழட்டு. நேரா பேட்டரியில குடு."

"அண்ணாத்தே, வாணாம். அப்படிக் குடுத்தா நிறுத்தி வச்ச வண்டியிலகூட உறிஞ்சிகினே இருக்கும். பேட்டரி படுத்துரும்."

"படுக்கட்டும்."

"பேட்டரி படுத்தா வண்டியே நிக்கும். இது உதை இல்லாத வண்டி. செல்ஃப் மட்டும்தான்."

"நிக்கட்டும்னுதாண்டா சொல்றேன். நின்னா தள்ளணும். தள்ளினா நேரம் ஆவும். நேரம் ஆனா கேரம்!"

ஜேம்ஸ் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். ஜோடி இல்லாமல் அவனும் ஒரு வாரமாகத் தோற்றுக்கொண்டிருந்தான்.

அன்றைக்கே ஏரிக்கரைக்குப் போனார்கள். ஆசை தீர ஆடினார்கள். தேவராஜ் போனை எடுத்து, "வண்டி நின்னுபூட்ச்சுமே! தள்ளிகினு வர்றேன்" என்று மூச்சு வாங்கச் சொன்னான். அப்புறம் ஜாலியாக வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, தெருமுனையில் என்ஜினை அணைத்தான். பாட்டில் தண்ணீரை முகத்தில் தெளித்துக்கொண்டான். முனையிலிருந்து வீடு வரை முக்கி முனகித் தள்ளினான்.

சாமுண்டீஸ்வரி பதறிவிட்டாள். வெந்நீர் போட்டாள். முதுகு தேய்த்துவிட்டாள். முட்டை தோசை ஊற்றினாள். தேவராஜுக்கு ஒரே குஜால். கேரமும் கிடைத்தது, முட்டை தோசையும் கிடைத்தது. இது தெரியாமல் இத்தனை வருஷம் போனைப் போய்ச் சாகடித்துக்கொண்டிருந்தோமே என்று நொந்துகொண்டான்.

மறுநாள் காலையில் அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"வா, ஆவடி மார்க்கெட்டுக்கு. பேட்டரிக்குச் சார்ஜர் வாங்கணும்."

கடைக்காரர் இரண்டு வகையை எடுத்து வைத்தார். ஒன்று இரும்புப் பெட்டி. முள் ஆடுகிற மீட்டர், கட்டைவிரல் தடிக்கு ஒயர். இன்னொன்று சோப்பு டப்பா அளவு. தேவராஜ் இரும்புப் பெட்டியைக் கட்டிக்கொண்டான். இதைப் போட்டால் பேட்டரி ஒரே வாரத்தில் பரலோகம் போகும் என்று அவனுக்குத் தெரியாதா?

"இதான் ஸ்ட்ராங்கு. இதயே வாங்கலாம்."

"இது காருக்குப் போடுறதுய்யா" என்றாள் சாமுண்டீஸ்வரி. "உன் வண்டி பேட்டரி இம்மாத்தூண்டு. ஆழாக்கு அரிசிக்கு அடுப்புல நாலு விறகு சொருகுன மாதிரி கொதிச்சிப் பூடும். மெதுவா ஏத்தணும்."

"அம்மா சொல்றதுதான் சரி" என்றார் கடைக்காரர். "இந்தச் சின்னது ஆட்டோமேட்டிக். ஏறுறப்ப சிவப்பு எரியும். ரொம்பிடுச்சுன்னா பச்சை. பச்சை வந்ததும் அதுவே நிறுத்திக்கும். அப்பால கொஞ்சம் இறங்குனா இறங்குன அளவுக்கு மட்டும் ஏத்தும். ரெண்டு நாள் மறந்து உட்டாலும் பேட்டரிக்கு ஒண்ணும் ஆவாது."

சாமுண்டீஸ்வரி அந்த டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பொங்குனதும் தானா நிறுத்திக்குமா? மாவுக்கு இந்த மாதிரி ஒண்ணு இல்லையே, அண்ணே!"

ஜேம்ஸ் வந்து கிளப்பிவிட்டதாகச் சொல்லி வேலைக்குப் போன தேவராஜ், அன்று சாயங்காலமும் தெருமுனையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தான். அவள் சிவப்பு கிளிப்பைச் சிவப்பிலும் கறுப்பு கிளிப்பைக் கறுப்பிலும் மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். ஒரு ஈடு வெந்து இறங்கவில்லை. சார்ஜரில் பச்சை எரிந்தது.

சாமுண்டீஸ்வரி பச்சையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"சுத்தமா செத்துப்போச்சுன்ன?"

"ஆமா."

"செத்தது ஒரு ஈடு இட்லி வேவறதுக்குள்ள எழுந்து உக்காந்துகினு கீது?"

"புதுச் சார்ஜரும்மே. வேகமா ஏத்துது."

"ம்" என்றாள். அன்றைக்கு முட்டை தோசை கிடையாது. முட்டையும் கிடையாது. வெறும் இட்லிதான்.

தேவராஜுக்குத் தூக்கம் போயிற்று. அந்தச் சோப்பு டப்பா காட்டிக்கொடுக்கிறதே! விடிந்ததும் ஜேம்ஸைப் பிடித்தான்.

"ஏண்டா, நேரா குடுத்தா உறிஞ்சும்னு சொன்ன? ஒண்ணும் உறிஞ்சலையே?"

"சும்மா கீற யூஎஸ்பி நக்கித்தான் குடிக்கும் அண்ணாத்தே. மடமடன்னு குடிக்கணும்னா அதுல எதுனா சொருகணும்."

எதைச் சொருகுவது? வழி கொட்டகையிலேயே இருந்தது. ரோடு அகலப்படுத்துகிறோம் என்று கரண்ட் கம்பத்தைப் பிடுங்கினவர்கள், திருப்பி நட வரவில்லை. இருட்டினால் போன் டார்ச்சில்தான் ஆட்டம். தேவராஜ் யூஎஸ்பியில் எரிகிற பெரிய லைட் ஒன்றை வாங்கினான். நீட்டமாக ஒரு கேபிள். வண்டியைக் கொட்டகை வாசலில் நிறுத்திச் சொருகினான். போர்டின் மேல் நிலா இறங்கினதுபோல் இருந்தது.

"தேவராஜ் அண்ணாத்தே கையால வெளிச்சம்!" என்று பாண்டியன் டீயைத் தூக்கி ஆற்றினான். அடுத்த நாள் ஒரு குட்டி மின்விசிறி வந்து சேர்ந்தது. அதற்கடுத்த நாள் ஆடுகிறவன், ஆடாதவன், டீ குடிக்க வந்தவன் எல்லாரும் போனைக் கொண்டுவந்து கொத்தாகச் சொருகினார்கள். அந்தச் சின்ன பேட்டரி என்ன செய்யும்? கன்றுக்குட்டி பத்து முட்டுகிற பசு மாதிரி வற்றிப் போயிற்று. ஆட்டம் முடிந்து தேவராஜ் செல்ஃபை அழுத்தினான். 'டிக்' என்றது. மறுபடி அழுத்தினான். அதுவும் சொல்லவில்லை.

"செத்துப் பூட்ச்சு! நெஜமாவே செத்துப் பூட்ச்சு!" என்று தேவராஜ் குதித்தான்.

குதித்துவிட்டுத் தள்ளினான். பருத்திப்பட்டிலிருந்து ஆவடி, ஆவடியிலிருந்து அண்ணனூர். இந்த முறை தண்ணீர் தெளிக்கத் தேவையில்லை. அவன் விட்ட வியர்வையில் வழியில் இருந்த பள்ளமெல்லாம் நிரம்பியது. மழை பெய்ததாக நினைத்து ஆவடியில் இரண்டு பேர் குடை விரித்தார்கள். வீட்டுக்கு வந்து விழுந்தவன் சார்ஜரைக் காட்டி, "மாட்டு! மாட்டிப் பாரு!" என்றான்.

சிவப்பு எரிந்தது. இட்லி வெந்தது, சட்னி அரைத்தாயிற்று, நாளைக்கு அரிசி ஊறப் போட்டாயிற்று. இன்னும் சிவப்பு. விடிந்தும் சிவப்பு.

"பாத்தியா? நான் பீலா வுட்டேன்னு நெனச்சியே, பாத்தியா?"

"தப்புத்தான்யா" என்றாள் சாமுண்டீஸ்வரி. வண்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவள், யூஎஸ்பி மூடிமேல் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்ததை ஒரு விரலால் தொட்டாள். இரண்டு விரலில் தேய்த்தாள்.

"இது இன்னா?"

"உன் மாவுதான். வேற இன்னா?"

வாழ்நாளெல்லாம் மாவில் கை வைத்திருப்பவள் அவள். புழுங்கலா பச்சரிசியா, புதுசா பழசா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். விரலில் வழுக்கிக்கொண்டு ஓடுகிற கேரம் பவுடரையா மாவு என்று நம்புவாள்? ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவள் கத்தினால் பயமில்லை, பேசாமல் இருந்தால்தான் பயம் என்பது தேவராஜுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்குப் பாவம், இடுப்பு வலியில் அது ஞாபகம் வரவில்லை.

வாரம் பூராவும் சார்ஜர் விடிய விடியச் சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே அவள் பேச்சை எடுத்தாள்.

"யோவ், உன்னப் பாத்தா மனசு கேக்கல. தெனம் தெனம் தள்ளிகினு வர்ற. இடுப்பு பூட்ச்சுன்னா அரிசி மூட்டையை யாரு தூக்குறது?"

"அதெல்லாம் தூக்கலாம்மே."

"இந்த வண்டி உனக்கு ஆவாது. நாளையிலேர்ந்து பஸ்ஸுல போ. வண்டி ஊட்டுலயே கெடக்கட்டும். மெதுவாச் சார்ஜ் ஏறட்டும்."

தேவராஜ் துள்ளி எழுந்தான். "வாணாம்மே! வண்டி நல்லாத்தான் கீது!"

"நல்லாக் கீதா?" சாமுண்டீஸ்வரி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டாள். "நல்லாக் கீற வண்டிய எதுக்குய்யா ஒரு வாரமா தள்ளிகினு வந்த?"

தேவராஜ் வாயைத் திறந்தான். மூடி போட்டதுபோல் அதுவே மூடிக்கொண்டது.

திங்கட்கிழமை பஸ். பஸ்ஸில் போனாலும் இறங்க முடியாதா என்ன? பருத்திப்பட்டில் இறங்கிக் கொட்டகைக்கு நடந்தான். உள்ளே கும்மிருட்டு.

"லைட் எங்க அண்ணாத்தே?" என்றான் ஜேம்ஸ்.

"வண்டி ஊட்டுல கீது. அதான் நான் வந்துட்டேன் இல்ல?"

"நீ வந்து இன்னா? உன் மூஞ்சியிலயா பல்பு எரியுது?" என்றான் பாண்டியன். "லைட்டுக்குப் பழகிட்டோம். இனி டார்ச்சுல எவன் ஆடுவான்? வண்டி வந்தாத்தான் ஆட்டம்."

மகாராஜாவை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் அந்தப் பக்கமே பார்க்காமல் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் பூந்தமல்லியில் பஸ் ஏறும்போது ஒரு பெரிய முடிவுக்கு வந்தான். ஆண்பிள்ளையாக லட்சணமாக, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. காலில் விழ நேர்ந்தாலும் விழுந்து, வண்டிச் சாவியை வாங்கிவிடுவது. நேரில் சொல்லப் பயமாக இருந்ததால் போனிலேயே சொல்லலாம் என்று அடித்தான்.

ஸ்விட்ச் ஆஃப்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து சாமுண்டீஸ்வரி போன் அணைந்ததே இல்லை. ஊரே கரண்ட் இல்லாமல் கிடந்த புயல் அன்றைக்குக்கூட அவள் போன் எரிந்தது. மறுபடி அடித்தான். ஸ்விட்ச் ஆஃப். விழுந்துவிட்டாளா? கிரைண்டரில் கரண்ட் அடித்துவிட்டதா? கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். ஏரிக்கரையில், தகரக் கொட்டகையின் இடுக்கெல்லாம் வெளிச்சம் பீறிட்டுக்கொண்டிருந்தது.

ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கினான். ஓடினான். கொட்டகை வாசலில் அவன் வண்டி! பின்னால் மாவு டிரே கட்டியிருந்தது. அதிலிருந்து கேபிள் உள்ளே போயிற்று. கூடவே ஒரு சிரிப்பும் வெளியே வந்தது.

பாண்டியன் அவனை ஓரமாக இழுத்தான். "அண்ணாத்தே, எங்க மேல தப்பில்ல. நேத்து ஏரிப்பக்கம் மாவு போட வந்துச்சு அண்ணி. உன் வண்டியப் பாத்ததும், 'தேவராஜ் அண்ணன் வண்டி வந்துட்ச்சு, லைட்டப் போடு'ன்னு நாங்கதான் கேபிளத் தூக்கிகினு ஓடுனோம். வண்டி மேல நீ இல்லன்றத அப்பால தான் பாத்தோம்."

"அது... வண்டி ஓட்டுமா?"

"புல்லட்டே ஓட்டுமாம். திருமழிசையில நாலு அண்ணனுங்க சொல்லிக் குடுத்துக் கீறாங்க. கேரமும் சொல்லிக் குடுத்துக் கீறாங்க. நேத்து ஜேம்ஸு அழுதுட்டான்."

உள்ளே, தேவராஜ் உட்காருகிற நாற்காலியில், தேவராஜின் ஸ்டிரைக்கரோடு சாமுண்டீஸ்வரி. யூஎஸ்பியில் லைட் மட்டும்தான் எரிந்தது. "விசிறியும் சொருகக் கூடாது, எவனும் போனும் சொருகக் கூடாது, நான் தள்ளிகினு போற ஆள் இல்ல" என்று முதல் நாளே சட்டம் போட்டுவிட்டாளாம். ஒயரைக்கூட ஜேம்ஸைவிட்டுத் திரும்பவும் சாவிக்கே மாற்ற வைத்திருந்தாள்.

"சாமு! போன் இன்னாமே ஆச்சு? உசிரே பூட்ச்சு எனக்கு!"

அவள் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தாள். சுண்டினாள். சிவப்புக் காய் போர்டின் நாலு பக்கமும் போய் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுக் குழியில் இறங்கியது.

"போன்ல சார்ஜ் பூட்ச்சுய்யா. நான் இன்னா பண்றது? பழைய போனு."

கொட்டகையே கைதட்டியது. தேவராஜும் தட்டினான். தட்டாமல் எப்படி? அப்படி ஒரு அடி.

"வந்தது வந்துட்ட, இங்க நின்னு வெளிச்சத்த மறைக்காத" என்றாள் அவள், அடுத்த காய்க்குக் குறி பார்த்தபடி. "அடுத்த பஸ்ஸப் புடிச்சு ஊட்டுக்குப் போ. அரிசி ஊறிகினு கீது, கிரைண்டர்ல போட்டுரு. நான் ரெட்டுக்கு ஃபாலோ போட்டுட்டு வர்றேன்."

அவ்வளவுதான். இதை நான் சொன்னேன் என்று அண்ணனூர் பக்கம் மூச்சு விட்டுவிடாதீர்கள். நாளைக்கு எனக்கு ஒரு பாக்கெட் மாவு வேண்டும்; சாயங்காலம் அவளுக்கு ஜோடியும் நான்தான்.